முதற்பணி தந்த தமிழ்: தனிநாயகம் அடிகளார் வாழ்வு

அயல்நாடு சென்று பட்டம் பெற்றுத் திரும்பும் இளைஞர்க்கு முதலில் அமையும் பணி, பல வேளைகளில் அவர் கற்ற கல்விக்கும் கண்ட கனவுக்கும் பொருந்துவதில்லை. பட்டம் ஒரு திசையைக் காட்டும்; பணி வேறொரு திசைக்கு அழைக்கும். அந்த முரண்பாட்டில் மனம் தளர்ந்து தேங்கியோர் பலர். அம்முரண்பாட்டையே வாழ்வின் முதலாக்கிக்கொண்டோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தவர் என்றே அவரைத் தமிழுலகம் போற்றுகிறது. எனினும், உரோமை நகரில் முனைவர் பட்டம் பெற்ற இளந்துறவி ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக அமர்ந்த அந்த முதற்பணியே பின்னைய சிறப்புகள் அனைத்துக்கும் வேர் என்பது பெரிதும் பேசப்படுவதில்லை.

கரம்பொன் முதல் கொழும்பு வரை

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர். குடும்பத்தார் நெடுந்தீவில் வாழ்ந்த தனிநாயக முதலியின் வழியினர். அம்முன்னோரின் பெயரையே பிற்காலத்தில் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு சேவியர் தனிநாயகம் ஆனார்.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார். அந்நாளில் யாழ்ப்பாணத்துச் சமயப் பணியாளர் நடத்திய கல்லூரிகளில் பயிற்று மொழி ஆங்கிலம். அரசுப் பணிக்கும் மேற்கல்விக்கும் வாயில் அதுவே. வீட்டில் பேசும் தமிழ் வேறு, கல்லூரியில் மதிப்புப் பெறும் மொழி வேறு என்ற நிலையில் வளர்ந்த தலைமுறை அது. ஆங்கில இலக்கியத்தில் தோய்ந்த மாணவர்க்குச் சங்க இலக்கியத்தின் பெயர் கூடச் செவியில் விழாமற் போகக்கூடிய சூழல். அடிகளார் அச்சூழலின் நன்மைகளையும் பெற்றார், குறைகளையும் பெற்றார்.

துறவு வாழ்வை விரும்பி, 1931 முதல் 1934 வரை கொழும்புப் புனித பெர்நார்து குருமடத்தில் மெய்யியல் கற்றார். அங்கிருந்து அவரது பயணம் உரோமை நகரை நோக்கியது.

உரோமையில் ஐந்தாண்டு

உரோமையின் உர்பன் கல்லூரி, எட்டாம் உர்பன் என்னும் திருத்தந்தையால் 1627ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மறைபரப்பு நாடுகளிலிருந்து வரும் மாணவர்க்கெனவே ஏற்பட்ட அமைப்பு ஆதலால், ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு இளைஞர் பலர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து கற்றனர். தம் 21ஆம் வயதில் அங்குச் சென்ற அடிகளார், பாடங்களை இலத்தீன் வழியே கேட்டார். தெருவில் இத்தாலியம் பேசினார். உடன் பயின்றோர் வழியே பிறமொழிகளின் ஓசைகளை அறிந்தார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், போர்த்துக்கேயம் எனப் பல மொழிகளைப் பிற்காலத்தில் அவர் எளிதாகக் கையாண்டமைக்கு அடித்தளம் இட்டது அந்த ஐந்தாண்டு வாழ்வே.

1938ஆம் ஆண்டு குருத்துவத் திருநிலை பெற்றார். முனைவர் பட்டத்திற்கு அவர் தேர்ந்துகொண்ட பொருள், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கக் கார்த்தேசு நகரில் ஆயராக விளங்கிய புனித சிப்பிரியான் காலத்துக் குருமார் வரலாறு. மடல்களையும் ஏடுகளையும் ஒப்பிட்டு, ஒரு காலத்துச் சமுதாயத்தை அதன் சான்றுகளைக் கொண்டே மீட்டெடுக்கும் பயிற்சியை அவ்வாய்வு அவருக்கு அளித்தது. பொருள் தமிழுக்கு நெடுந்தொலைவில் இருந்தது. பயின்ற முறையோ பின்னாளில் தமிழுக்கே பயன்பட்டது.

1939ஆம் ஆண்டு கல்வி நிறைவுற்றது. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஐரோப்பாவின் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் நெருக்கடிக்குள் நுழைந்த வேளையில், 26 வயது நிரம்பிய முனைவர் ஒருவர் தம் முதற்பணியைத் தொடங்க வேண்டியவராய் நின்றார்.

வடக்கன்குளம்

அடிகளார் தாம் பிறந்த யாழ்ப்பாணத்திற்குத் திரும்பவில்லை. தமிழகத்தின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்றார். 1923ஆம் ஆண்டு உருவான அம்மறைமாவட்டத்தின் ஆயராக விளங்கியவர் திபூர்சியுசு ரோச்சு ஆண்டகை. தற்காலத்தில் இந்தியாவில் இலத்தீன் வழிபாட்டு முறைத் திருச்சபையின் முதல் இந்திய ஆயர் என்னும் பெருமை அவருக்கு உண்டு. அவரது மறைமாவட்டத்தில் அடிகளார்க்குக் கிடைத்த இடம் குருமடப் பேராசிரியர் பதவியன்று. நகரக் கல்லூரி விரிவுரையாளர் பதவியும் அன்று. வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியர் பதவி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனைக்கு அண்மையில், பனைகள் சூழ்ந்த செம்மண் நிலத்தில் அமைந்த ஊர் வடக்கன்குளம். கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றில் பழம்பெயர் பெற்றது. திருவிதாங்கூர் அரசுப் பணியாளர் நீலகண்டபிள்ளை 1745ஆம் ஆண்டு தேவசகாயம் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றது இவ்வூரில்தான். சாதிப் பிரிவினரை வெவ்வேறாக அமர்த்த இரு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்ட கோயிலும், அது பற்றி எழுந்த நெடிய பூசலும் இவ்வூரின் வரலாற்றில் ஆறாத வடுக்கள். இத்தகைய பெருமையும் சிறுமையும் கலந்த ஊரில் 1940 முதல் 1945 வரை அடிகளார் ஆசிரியப் பணி ஆற்றினார்.

கார்த்தேசு நகர் பற்றி ஆய்ந்த முனைவர்க்கு உழவர் மக்களும் பனையேறிகளின் மக்களும் பயிலும் பள்ளியில் என்ன வேலை என்று உலகியலார் எண்ணக்கூடும். பட்டத்தின் அளவுக்குப் பதவி இல்லை என்பது வெளிப்படை. ஆனால் அப்பதவி அடிகளார்க்குக் காட்டிய குறை பதவியின் குறையன்று, தம் கல்வியின் குறை. பல மொழிகளில் உரையாட வல்ல ஆசிரியர், தம் மாணவரின் மொழியும் தம் தாய்மொழியும் ஆகிய தமிழில் பிழையின்றி எழுதவும் இலக்கியம் அறிந்து பேசவும் இயலாதவராய் இருந்தார். உரோமையில் இக்குறை புலப்பட வழியில்லை. அங்கு எவரும் அவரிடம் தமிழை எதிர்பார்க்கவில்லை. வடக்கன்குளத்தின் வகுப்பறை அதனை ஒவ்வொரு நாளும் புலப்படுத்தியது.

இத்தகைய நிலையில் பலரும் மேற்கொள்ளும் வழிகள் இரண்டு. ஆங்கிலத்தின் மதிப்பைக் கேடயமாகப் பிடித்து அறியாமையை மறைப்பது ஒன்று; விரைவில் வேறிடம் தேடிப் பெயர்வது மற்றொன்று. அடிகளார் மூன்றாவது வழியைக் கண்டார். ஆசிரியராய் இருந்துகொண்டே மாணவரானார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பாரிடம் முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். முனைவர் பட்டம் பெற்றவர் எழுத்தும் சொல்லும் பொருளும் முதலிலிருந்து பயின்றார். கத்தோலிக்கத் துறவி ஒருவர்க்கு வைதிக மரபில் வந்த பண்டிதர் ஒருவர் தமிழ் கற்பித்த அந்த உறவு, அவ்வூரின் பிரிவினைச் சுவர்களுக்கு நடுவே நிகழ்ந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

சங்க நூல்கள் அவருக்கு அங்கேதான் அறிமுகமாயின. கிரேக்க, உரோமானியச் செவ்வியல் நூல்களை முன்னரே அறிந்த ஒருவர் 27ஆம் வயதுக்குப் பின் குறுந்தொகையையும் புறநானூற்றையும் முதன்முறையாகக் கற்பது தனித்த அனுபவம். இளமையிலேயே மனப்பாடம் செய்தோர்க்குப் பழகிப்போன வரிகள் அவருக்குப் புதுமையாய்த் தோன்றின. வியப்பும் ஒப்பீடும் ஒருங்கே எழுந்தன. இத்துணைச் செல்வத்தை உலகம் ஏன் அறியவில்லை என்னும் வினாவும் உடன் எழுந்தது. பிற்கால வாழ்வு முழுவதும் அவ்வினாவுக்கு அவர் தேடிய விடையாகவே அமைந்தது.

மீண்டும் மாணவர்

வடக்கன்குளத்துக் கல்வி அவரது வேட்கையைத் தணிக்கவில்லை, மிகுவித்தது. 1945ஆம் ஆண்டு, தம் 32ஆம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் அங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய காலம் அது. பன்மொழிப் புலமையும் ஒப்பியல் நோக்கும் கொண்ட தெ.பொ.மீ.யின் தொடர்பு அடிகளாரின் ஆய்வுப் போக்கிற்கு இயல்பாகவே இசைந்தது. முதுகலைக்குப் பின் இலக்கிய முதுவர் பட்டத்திற்கு ஆய்வு மேற்கொண்டு 1949இல் நிறைவு செய்தார்.

அவ்வாய்வின் பொருள் பண்டைத் தமிழ்ப் பாக்களில் இயற்கை. பின்னர் ஆங்கில நூலாக வெளிவந்து, 1966இல் நிலத்தோற்றமும் கவிதையும் எனப் பொருள்படும் புதிய தலைப்பில் மறுபதிப்புப் பெற்றது. கவிஞர்கள் ஊன்றிக் கற்கத்தக்க நூல் அது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பாகுபாட்டை வெறும் இலக்கண மரபாகக் காணாது, நிலமும் பொழுதும் உயிரினமும் மாந்தர் உணர்வும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் ஒரு முழுமையான கவிதைக் கோட்பாடாக அடிகளார் விளக்கினார். கிரேக்கக் கவிஞரும் உரோமானியக் கவிஞர் வெர்கிலும் வடமொழிக் கவிஞரும் இயற்கையைக் கையாண்ட முறைகளோடு சங்கப் புலவரின் முறையை ஒப்பிட்டார். பிற இலக்கியங்களில் உவமையாகவோ வருணனையாகவோ வரும் இயற்கை, தமிழில் மாந்தர் வாழ்வின் ஒழுக்கத்திற்கே களமாகவும் குறியீடாகவும் அமைவதைத் தக்க சான்றுகளுடன் நிறுவினார்.

இந்த ஒப்பீட்டைத் தமிழ் மட்டும் அறிந்தவர் செய்திருக்க இயலாது. இலத்தீன் மட்டும் அறிந்தவரும் செய்திருக்க இயலாது. உரோமையில் கற்றதும் வடக்கன்குளத்தில் கற்றதும் சிதம்பரத்தில் ஒன்று கலந்தன. வீண்போனதாகத் தோன்றிய பட்டம் அங்குப் பயன் தந்தது.

பதவி ஒன்று, பணி வேறு

1948ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் என்னும் அமைப்பை அடிகளார் நிறுவினார். அதன்பின் மலாயா, யப்பான், அமெரிக்க நாடுகள் முதலிய இடங்களுக்குச் சென்று தமிழ் இலக்கியம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அப்பயணங்களில் ஓர் உண்மை தெளிவாயிற்று. இந்தியப் பண்பாடு என்றால் வடமொழிப் பண்பாடு என்றே மேலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் கருதின. தமிழ் என்னும் செம்மொழி ஒன்று உண்டு என்பதையே அறியாதோர் மிகுதி. தமிழைப் பற்றித் தமிழிலேயே எழுதிக்கொண்டிருப்பதால் இந்நிலை மாறாது எனக் கண்ட அடிகளார், 1952ஆம் ஆண்டு 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். பல நாட்டு அறிஞரும் தமிழ் பற்றி எழுதவும் படிக்கவும் பொதுக்களம் ஒன்று பிறந்தது.

அதே 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பணி கிடைத்தது. ஆனால் தமிழ்த்துறையில் அன்று. கல்வித்துறையில் விரிவுரையாளர் பதவி. தமிழில் இரு பட்டங்கள் பெற்று, தமிழுக்கென இதழும் நடத்திய அறிஞர்க்கு வாய்த்தது வேறொரு துறை. வடக்கன்குளத்தில் கற்ற பாடம் இங்கும் கைகொடுத்தது. கிடைத்த துறையைக் குறைகூறாது, அத்துறையினுள்ளே தமிழைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1955 முதல் 1957 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட இரண்டாம் முனைவர் பட்ட ஆய்வு, பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனை பற்றியது. பாணரும் புலவரும் ஆசிரியரும் அறிவைப் பரப்பிய முறைகளைக் கல்வியியல் நோக்கில் ஆராய்ந்து, கல்வித்துறைக்கும் தமிழுக்கும் ஒருசேர அணி சேர்த்தார்.

ஐரோப்பாவில் தங்கிய நாட்களில் நூலகங்களைத் துருவித் தேடினார். 1554ஆம் ஆண்டு லிசுபன் நகரில் உரோமன் எழுத்துகளில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அந்நூலை உருவாக்கியோர் வின்சென்தே தெ நசரேத், சோர்சு கர்வாலியோ, தோமா த குரூசு என்னும் மூவர். போர்த்துக்கல் சென்று வாழ்ந்த தமிழர். அயல்நாட்டில் வாழ்ந்த அத்தமிழர் கைப்பட உருவான நூலை, அயல்நாட்டில் கற்ற மற்றொரு தமிழர் 400 ஆண்டுகளுக்குப் பின் எடுத்துக் காட்டினார்.

அந்தாம் தெ புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அச்சேறியது. அதன் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966இல் கோலாலம்பூரில் உருவநேர்ப் பதிப்பாக வெளியிட்டார். மாணவராய் ஐந்தாண்டு வாழ்ந்த அதே உரோமை நகரில்தான் அவ்வகராதி இருந்தது. அன்று அதைத் தேடும் எண்ணம் அவருக்கு எழ வழியில்லை. தேடச் செய்யும் தமிழ் அவரிடம் இல்லை. வடக்கன்குளம் சென்று மீண்ட பின்னரே உரோமை தன் தமிழ்ச் செல்வத்தை அவருக்குக் காட்டியது.

உலகம் என்னும் வகுப்பறை

1961ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைக்குப் பேராசிரியராகவும் தலைவராகவும் சென்றார். அத்துறையில் தமிழ் இடம்பெற வேண்டும் என்பதற்காக மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் மக்கள் முன்னரே பாடுபட்டிருந்தனர். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் இயக்கத்தின்வழி எளிய மக்களிடமிருந்தும் நிதி திரட்டிய வரலாறு அனைவரும் அறிந்தது. மக்கள் ஈட்டித் தந்த அந்த இடத்தை அடிகளார் உலகளாவிய ஆய்வுக் களமாக உயர்த்தினார்.

1964ஆம் ஆண்டு சனவரித் திங்கள் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளரை 7ஆம் நாள் ஒன்றுகூட்டி, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோற்றுவிக்கப்பட்டது. வ.அய். சுப்பிரமணியம் அம்முயற்சியில் அடிகளாரின் உற்ற துணைவர். பிரெஞ்சு அறிஞர் சான் பிலியோசா தலைவராகவும், செக் அறிஞர் கமில் சுவலபிலும் அடிகளாரும் பொதுச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். தம்மைத் தலைமையில் அமர்த்திக்கொள்ளாது பிறநாட்டு அறிஞரை அமர்த்தியது அடிகளாரின் பணிவையும் நுண்ணறிவையும் காட்டும். தமிழைத் தமிழரே புகழ்வதைவிட, ஆராய்ந்தறிந்த பிறர் எடுத்துரைப்பதற்கு உலகம் செவிசாய்க்கும் என்பதை அவர் அறிவார்.

முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் கூடியது. இரண்டாவது 1968இல் சென்னையில், மூன்றாவது 1970இல் பாரிசில், நான்காவது 1974இல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நிகழ்வன்று, சனவரி 10ஆம் நாள், காவல்துறையின் தலையீட்டால் விளைந்த உயிரிழப்புகள் தமிழ் நெஞ்சங்களில் ஆழ்ந்த துயராய்ப் பதிந்தன. பிறந்த மண்ணில் நடந்த தமிழ் விழா அவ்வாறு முடிந்தது அடிகளார் வாழ்வின் இறுதிக் காலத்தில் விழுந்த கருநிழல். 1980ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். நான்கு திங்கள் கழித்து, 1981 சனவரியில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் அவரின்றிக் கூடியது.

நிறைவாக

அடிகளாரின் வாழ்வில் பட்டமும் பணியும் ஒருமுறையேனும் முழுதாய்ப் பொருந்தியதாகச் சொல்ல இயலாது. இறையியல் முனைவர் பள்ளி ஆசிரியரானார். தமிழ் அறிஞர் கல்வியியல் விரிவுரையாளரானார். கல்வியியல் முனைவர் இந்தியவியல் பேராசிரியரானார். ஒவ்வொரு பொருந்தாமையும் அவரிடம் ஒரு புதிய கல்வியைக் கோரியது. ஒவ்வொரு முறையும் அவர் மறுக்காமல் கற்றார். ஒருவேளை 1940இல் பெரிய நகரம் ஒன்றில் அவரது பட்டத்திற்கு ஏற்ற பெரும்பதவி உடனே கிடைத்திருந்தால், புகழ்பெற்ற இறையியலாளர் ஒருவரைத் திருச்சபை பெற்றிருக்கும். தமிழ் தன் தூதரை இழந்திருக்கும்.

இன்றும் அயல்நாடுகளில் உயர்கல்வி முடித்த தமிழ் இளைஞர் பலர், கற்றதற்கு ஒவ்வாத முதற்பணியில் அமர்ந்து மனம் வெதும்புகின்றனர். அவர்க்கு அடிகளாரின் வாழ்வு எளிய ஆறுதல் மொழி எதனையும் கூறவில்லை. கிடைத்த இடம் சிறிதா பெரிதா என்பதைவிட, அந்த இடம் தம்மிடம் காட்டும் குறை எது என்று நேர்மையாய்க் காண்பது முதற்கடன் என்றே காட்டுகிறது. கவிதைக்கும் இது பொருந்தும். பல நாட்டு இலக்கியங்களைக் கற்றவராயினும், தாம் நிற்கும் நிலத்தின் மொழியை அறியாதவர்க்குப் பாட்டு வாய்ப்பதில்லை. ஐந்திணை பற்றி எழுதிய அறிஞர் அவ்வுண்மையைப் பனைகள் சூழ்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில், தம் மாணவர் முன்னிலையில் கற்றுக்கொண்டார். வடக்கன்குளத்தில் அவர் விரித்த தமிழ் ஏடு அதன்பின் மூடப்படவே இல்லை.